நூற்றொரு மணியோசை

வெளியூர் செல்பவர் அங்கே ஒரு வாரத்தில் என்னென்ன செய்யலாம் என்று பட்டியலிட்டுக்கொள்வது இயல்பு. கடலோர ஊரில் குளிக்கலாம், மலையூரில் நடக்கலாம், நெசவூரில் தறி ஓடுவதைப் பார்த்துவிட்டுச் சேலை வாங்கி வரலாம். பல்கலைக்கழக நகரத்தைப் பொறுத்தவரை இந்தப் பட்டியல் தொடங்கும் இடத்திலேயே இடறுகிறது. ஏனெனில் அந்நகரத்தின் தொழில் படிப்பு. படிப்போ செய்பவரிடத்தில் நிகழ்ந்து, பெரும்பாலும் அவரிடத்திலேயே தங்கிவிடும் செயல். தறிக்கு ஓசையும் நூலும் உண்டு. படிப்பவரிடம் குனிந்த கழுத்தும் அவ்வப்போது புரளும் ஒரு தாளும் தவிரக் கண்ணுக்குத் தெரிவது வேறில்லை. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தில் இந்த இடறல் இன்னும் கூடுதலாக உணரப்படுகிறது. அப்பல்கலைக்கழகத்துக்கு ஒரே வளாகம் என்று எதுவும் இல்லை. முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள், அதாவது தத்தம் சொத்தும் விதிகளும் உணவுக்கூடமும் வழிபாட்டுக்கூடமும் கொண்ட தனித்தனி அமைப்புகள், நகரத் தெருக்களின் ஊடே சுவர் எழுப்பி அமர்ந்திருக்கின்றன. ஆண்டில் மூன்று பருவங்கள். மைக்கேல்மஸ், ஹிலரி, டிரினிட்டி என்னும் திருச்சபைப் பெயர்களைத் தாங்கிய அவை ஒவ்வொன்றும் 8 வாரம். ஆக, 24 வாரங்களே முழுப் பருவம். ஜூன் பிற்பகுதியில் டிரினிட்டி முடிந்ததும் இளநிலை மாணவர்கள் பெட்டி கட்டிச் சென்றுவிடுகிறார்கள். அக்டோபர் வரை திரும்புவதில்லை. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் இந்நகரத்தைக் காண வந்து குவிவது அந்த இடைவெளியில்தான். அவர்கள் எதைக் காண வருகிறார்களோ அது ஊரில் இல்லாத நாட்களில் வருகிறார்கள்.

வெறுமை என்று இதைச் சொல்லிவிட முடியாது. நகரம் நிரம்பி வழிகிறது. கோடைக்கால மொழிப் பள்ளிகளுக்கு வந்த பதின்வயதினர் ஒரே நிற முதுகுப்பைகளோடு நடைபாதையை அடைத்துச் செல்கிறார்கள். வழிகாட்டிகள் குடையை உயர்த்திப் பிடித்தபடி கூட்டத்தைத் திருப்புகிறார்கள். கல்லூரி அறைகள் கருத்தரங்குக்கு வந்தவர்களுக்கும் பயணிகளுக்கும் வாடகைக்கு விடப்படுகின்றன. மாணவர் ஒருவர் தேர்வுக்கு முந்தைய இரவு உறங்காமல் கிடந்த கட்டிலில் பயணி ஒருவர் நடந்த களைப்பில் உறங்குகிறார். சுவரில் சுவரொட்டி ஒட்டி எடுத்த தடமும், மேசை விளிம்பில் தேநீர்க் கோப்பையின் வட்டக் கறையும் எஞ்சியிருக்கின்றன. காலையில் அவர் கீழே இறங்கினால் நாற்புறமும் கட்டடம் சூழ்ந்த முற்றம். நடுவில் நடக்கக் கூடாத புல்தரை. பல கல்லூரிகளில் அப்புல்லை மிதிக்கும் உரிமை ஆசிரிய உறுப்பினர்களுக்கு மட்டுமே உரியது. வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கையில் திண்ணையில் அமர்ந்து எழுந்து வந்ததை அவ்வீட்டுக்கு விருந்தாடி வந்ததாகச் சொல்லிக்கொள்ள முடியுமா என்ற ஐயம் இங்கே எழுகிறது. கட்டணம் செலுத்தியதால் அந்த ஐயம் தீர்வதில்லை. செலுத்திய கட்டணம் எதற்கானது என்ற கேள்வியாக அது வடிவம் மாறுகிறது, அவ்வளவே.

இந்த ஐயத்துக்கு ஓசை வடிவம் ஒன்று உண்டு. கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் நுழைவாயிலுக்கு மேலே, கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்து 1682இல் நிறைவுற்ற கோபுரத்தில், கிரேட் டாம் என்னும் பெருமணி தொங்குகிறது. அது ஒவ்வோர் இரவும் 9 மணி 5 நிமிடத்துக்கு 101 முறை ஒலிக்கிறது. கல்லூரியின் தொடக்ககால மாணாக்கர் நூற்றுவர். 1663இல் கூடுதலாகச் சேர்க்கப்பட்டவர் ஒருவர். ஆளுக்கு ஓர் ஒலி. வெளியே சென்றவர்கள் திரும்பிவிட வேண்டும், கதவு அடைபடப் போகிறது என்பதே அம்மணி சொன்ன செய்தி. அந்த 5 நிமிடத்துக்கும் காரணம் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு கிரீனிச்சுக்கு மேற்கே சற்றே தள்ளியிருப்பதால் அங்கே சூரியன் உச்சிக்கு வர ஏறத்தாழ 5 நிமிடம் தாமதமாகும். ரயில் பாதைகள் ஒரே நேரத்தை நாடெங்கும் பரப்பி, 1880இல் சட்டமும் அதை ஏற்ற பின்னர்கூட, இந்த மணி தன் ஊர்ச் சூரியனின் 9 மணியையே ஒலித்து வருகிறது. ஆனால் கோடையில் நாட்டின் கடிகாரங்கள் அனைத்தும் ஒரு மணி நேரம் முன்னோக்கித் தள்ளி வைக்கப்படுகின்றன. மணியும் அவற்றோடு நகர்ந்துவிடுகிறது. ஐந்து நிமிடத்தை விட்டுக்கொடுக்காத மரபு, அறுபது நிமிடத்தை விட்டுக்கொடுத்திருக்கிறது. அதனால் ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் அம்மணி இன்னும் இருட்டாத வானத்தின் கீழ், மஞ்சள் கல்லில் சாயும் வெளிச்சம் தங்கியிருக்கும்போதே ஒலிக்கத் தொடங்குகிறது. தெருவில் நிற்பவர் எண்ணத் தொடங்கி, இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில் எங்கோ தவறவிடுகிறார். அழைக்கப்படும் நூற்றொருவரில் எவரும் ஊரில் இல்லை. கதவும் அந்நேரத்தில் எவருக்காகவும் காத்திருக்கவில்லை. எனினும் எண்ணிக்கை குறைக்கப்படுவதில்லை. விடுமுறையில் எஞ்சும் நகரம் எது என்று கேட்டால் இந்த ஒலியைத்தான் சுட்ட வேண்டியிருக்கும்: ஆளில்லாத நேரத்திலும் ஆள்கணக்கை விடாமல் வைத்துக்கொண்டிருக்கும் பிடிவாதம்.

பட்டியல்களில் முதலிடம் பெறும் கட்டடம் ராட்கிளிஃப் கேமரா. இங்கே கேமரா என்பது அறை எனப் பொருள்படும் இலத்தீன் சொல். ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைத்து 1749இல் திறக்கப்பட்ட வட்ட வடிவ நூலகம் அது. அதைச் சுற்றி நாள் முழுவதும் கைப்பேசிகள் உயர்கின்றன. உள்ளே, விடுமுறையிலும் ஊரைவிட்டுப் போகாத ஆய்வு மாணவர்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். சாளரத்தின் அப்புறம் இருப்பவர்கள் தங்களைப் படமெடுப்பதை அவர்கள் எப்போதோ மறந்திருப்பார்கள். அவ்விரு கூட்டத்துக்கும் இடையே ஒரு சுவர்தான் உண்டு. சீட்டு வாங்குவதால் மட்டும் அச்சுவரைக் கடந்ததாகிவிடாது. சதுக்கத்தில் நிற்பவரின் காலடியிலும் நூல்கள் இருக்கின்றன: நிலத்தடியில் ஒரு வாசிப்புக்கூடம் அந்த வட்ட அறையைப் போட்லியன் நூலகத்தின் பழைய கட்டடத்தோடு இணைக்கிறது. சுற்றுலாக் குழுக்களுக்குக் காட்டப்படுவது பெரும்பாலும் டிவினிட்டி ஸ்கூல் என்னும் இறையியல் கூடம். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் கல் விதானத்தில் 455 செதுக்கிய குமிழ்முடிச்சுகள் உள்ளன. அண்ணாந்த கழுத்துகள் வலிக்கும்வரை அதைப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் அக்கூடம் கட்டப்பட்டது பார்ப்பதற்காக அன்று, வாதிடுவதற்காக: வாய்மொழித் தேர்வுக்கு நின்றவர்கள், அதாவது தம் கருத்தை எதிர்ப்பவர் முன் நின்று நிறுவியவர்கள், அந்த விதானத்தை அண்ணாந்து பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. கட்டடம் அழகானபோது அதில் நடந்தது மறைந்ததா, அல்லது நடந்தது நின்றுபோனதால் அழகு மட்டும் மேலெழுந்ததா என்பது பிரித்தறிய முடியாத ஒன்றாகவே இருக்கிறது.

ஆற்றுக்குச் செல்வோருக்கு இத்தகைய தொல்லை இல்லை. செர்வெல் ஆற்றில் தட்டையான அடியும் சதுர முனையும் கொண்ட படகில் நின்று, நீண்ட கழியை ஆற்றுப்படுகையில் ஊன்றித் தள்ளிச் செல்வது இந்நகரக் கோடையின் அறியப்பட்ட பொழுதுபோக்கு; சேற்றில் சிக்கிய கழியைப் பிடித்துக்கொள்வதா படகோடு போவதா என்பதை நொடியில் தீர்மானிக்க வேண்டும் என்பதுதான் அதில் கற்க வேண்டிய பாடம். மேற்கே, தேம்ஸ் ஐசிஸ் என்ற பெயரில் ஓடும் கரையில், போர்ட் மெடோ என்னும் பரந்த மேய்ச்சல் நிலம் கிடக்கிறது. அங்கே மாடும் குதிரையும் மேய்க்கும் உரிமை 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே ஏட்டிலேயே குறிக்கப்பட்டிருப்பதால், அந்த உரிமை பல்கலைக்கழகத்தைவிட மூத்தது. 1862 ஜூலை 4 அன்று கிறைஸ்ட் சர்ச்சின் கணித ஆசிரியர் சார்லஸ் டாட்ஜ்சன், கல்லூரித் தலைவரின் மூன்று மகள்களைப் படகில் காட்ஸ்டோவுக்கு அழைத்துச் செல்லும் வழியில் சொன்ன கதையே பின்னர் ஆலிஸ் கதையாக நூலுருப் பெற்றது. படகில் இருந்தவர்கள் பொன்வெயில் பொழிந்த பிற்பகலாக அந்நாளை நினைவுகூர்ந்தார்கள். வானிலைப் பதிவுகள் அவ்வளவு வெயிலைக் காட்டவில்லை என்ற விவாதம் பின்னாளில் எழுந்தது. ஆங்கிலக் கோடை என்று உலகம் அறிந்திருப்பதில் எவ்வளவு வானிலை, எவ்வளவு ஏடு என்பது அந்த ஒரு நாளிலேயே கலந்து கிடக்கிறது. மாக்டலன் பாலத்தருகே, 1621இல் நிறுவப்பட்ட தாவரத் தோட்டத்தில் வேறொரு கதை உண்டு. சிசிலியின் எரிமலைச் சரிவுகளைச் சேர்ந்த மஞ்சள் பூச்செடி ஒன்று அத்தோட்டத்தில் வளர்க்கப்பட்டது. அது சுவரைத் தாண்டி நகரத்தின் கல்லிடுக்குகளில் வேர்விட்டு, 19ஆம் நூற்றாண்டில் ரயில் பாதை வந்தபோது தண்டவாளங்களுக்கிடையே கொட்டப்பட்ட கரிக்கசடைத் தன் பழைய எரிமலை மண்ணாகவே ஏற்றுக்கொண்டு நாடெங்கும் பரவியது. சுவருக்குள் வைத்துக் காக்கப்பட்டவற்றில் எது வெளியேறும், எந்த வழியில் வெளியேறும் என்பதைத் தோட்டக்காரர்கள் தீர்மானிக்கவில்லை.

இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கோபுரமும் அப்படித்தான் தன் குடியிருப்போரைத் தான் தேர்ந்தெடுக்கவில்லை. 1860இல் டார்வினின் கொள்கை குறித்து ஹக்ஸ்லியும் ஆயர் வில்பர்ஃபோர்சும் எதிரெதிர் நின்ற அக்கட்டடத்தின் காற்றோட்டத் துளைகளில், ஒவ்வொரு மே மாதமும் ஆப்பிரிக்காவிலிருந்து உழவாரன் பறவைகள் வந்து கூடுகட்டுகின்றன. அரிவாள் போல் வளைந்த சிறகுகளை உடைய இப்பறவைகள் கூட்டுக்கன்றி வேறெதற்கும் பெரும்பாலும் தரையிறங்குவதில்லை. பறந்தபடியே உண்டு பறந்தபடியே உறங்குகின்றன. 1940களின் இறுதியில் டேவிட் லாக் என்னும் பறவையியலாளர் அங்கே தொடங்கிய கண்காணிப்பு இன்றும் நடைபெறுகிறது. கூட்டுப் பெட்டிகளின் பின்புறம் கண்ணாடி பொருத்தி, முட்டைகளையும் குஞ்சுகளையும் ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறார்கள். ஜூலை மாலைகளில் அவை கூச்சலிட்டபடி கோபுரத்தைச் சுற்றிச் சுழல்வதை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆகஸ்டு தொடக்கத்தில் ஏறத்தாழ எல்லாமே போய்விடும். மாணவர்கள் பெட்டி கட்டும்போது இவை குஞ்சுகளுக்கு இரை ஊட்டிக்கொண்டிருக்கின்றன. ஊரின் கோடைவாசிகள் என்ற பெயருக்கு இவையே முழு உரிமை உடையவை.

தமிழ் பேசும் ஒருவர் இந்நகரத்துக்கு வரும்போது அவருடைய பட்டியலில் வேறு யாருடையதிலும் இல்லாத இரண்டு இடங்கள் சேர்கின்றன. ஒன்று ஆஷ்மோலியன் அருங்காட்சியகம். 1683இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இந்நிறுவனம் 1967இல் லண்டன் ஏலம் ஒன்றில் திருமங்கையாழ்வாரின் செப்புத் திருமேனியை வாங்கியது; 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது ஏறத்தாழ 60 செ.மீ. உயரமுடையது, வாளும் கேடயமும் ஏந்தியது. பல ஆண்டுகள் அங்கே வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். வைணவர் வழக்கில் பெருமாளையும் ஆழ்வாரையும் பார்ப்பதாகச் சொல்வதில்லை, சேவிப்பதாகச் சொல்வார்கள். கண்ணாடிப் பேழைக்கு முன் நின்ற தமிழ் வைணவர் தாம் செய்வது இவ்விரண்டில் எது என்று தடுமாறியிருக்கக் கூடும். விளக்கில்லை, மலரில்லை, திரை விலகும் கணம் இல்லை. நாட்டையும் நூற்றாண்டையும் உலோகத்தையும் சொல்லும் ஓர் அட்டை இருந்தது. அந்த அட்டை சொல்லாததைச் சொன்னது ஒரு புகைப்படம். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் 1957இல் எடுக்கப்பட்ட படம் ஒன்று, அதே திருமேனி கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள் கோயில் என்னும் ஊரின் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருந்ததைக் காட்டியது. ஆய்வாளர் ஒருவர் இரண்டையும் ஒப்பிட்டுக் கண்டார். அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்கு அதைத் தெரிவித்தது. 2024 மார்ச்சில் பல்கலைக்கழகத்தின் ஆட்சிமன்றம் திருமேனியைத் திருப்பித் தரும் கோரிக்கையை ஆதரித்து முடிவெடுத்தது. இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது அந்த ஒப்பீடு. ஐம்பது ஆண்டுக்கு மேலாக அங்கே நடந்த பார்வைகள் அனைத்தும் செய்யாத காரியத்தை, காப்பகத்து மேசையில் மங்கிய படத்தை வைத்துக்கொண்டு விரல் மடிப்பையும் ஆடை மடிப்பையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் வகையான படிப்பு செய்தது. ஒரு பொருள் மீண்டும் ஆழ்வாராக ஆனது அந்த உழைப்பால். குருபரம்பரைக் கதைகளில் திருமங்கை மன்னன் வழிப்பறி செய்து அடியாருக்கு அமுது படைத்தவர்; திருவரங்கத் திருப்பணிக்காக நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைக் கவர்ந்தவர். அவருடைய திருமேனியே களவுபோய்க் கடல் கடந்த செய்தியைப் படிக்கும்போது அக்கதைகள் முன்போல் எளிதாக உள்ளே இறங்குவதில்லை. திருப்பித் தருவதற்கு ஒரு பல்கலைக்கழகம் முன்வந்தது பாராட்டுக்குரியது. அதே தெளிவு மற்றப் பேழைகளை நோக்கியும் திரும்ப வேண்டும். பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் 2020இல் மனித உடற்பகுதிகளைக் காட்சியிலிருந்து நீக்கியது. அதன் மங்கிய விளக்கொளியில், கையால் எழுதிய சிறு சீட்டுகள் கட்டப்பட்ட பொருட்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் அடுக்குகளைக் கடக்கையில், ஒவ்வொரு சீட்டும் பாதியில் நிறுத்தப்பட்ட வாக்கியமாகவே தோன்றுகிறது.

இரண்டாவது இடம் செயிண்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம். வால்டன் தெருவிலிருந்து ஒடுங்கிய பாதை வழியே உள்ளே சென்றால், உயர்ந்த மரங்களும் வெட்டப்படாத புல்லும் சாய்ந்த கற்களுமாக 1848இல் திறக்கப்பட்ட அத்தோட்டம் கிடக்கிறது. இப்போது அங்கே புதிதாக எவரையும் அடக்கம் செய்வதில்லை. தமிழ் நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் 1908இல் மறைந்தவருமான ஜி. யு. போப் அங்கே உறங்குகிறார். ஒரு தமிழ் மாணவன் இங்கே உறங்குகிறான் என்று தம் கல்லறையில் பொறிக்கச் சொன்னார் என்பது தமிழ்நாட்டில் தலைமுறைகளாகப் பள்ளி மேடைகளில் சொல்லப்பட்டு வரும் செய்தி. கல்லில் அவ்வாசகம் இல்லை. பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரியின் சமய ஊழியர் என்ற விவரங்களும், அக்கல்லை அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து நிறுவினர் என்ற குறிப்பும் அதில் உள்ளன. தேடி வந்து குனிந்து படிப்பவர் முதலில் அடைவது ஏமாற்றம். சற்று நேரம் நின்றால் அந்த ஏமாற்றம் வேறாக மாறுகிறது: இல்லாத வாசகம் ஒரு மனிதரின் பணிவைச் சொல்கிறது, இருக்கும் வாசகமோ, கடலுக்கு அப்பால் இருந்த முகமறியாத தமிழர் சிலர் கல்லுக்குப் பணம் அனுப்பியதைச் சொல்கிறது. எது பெரிது என்று தீர்மானிக்கத் தேவையில்லை, ஆனால் இரண்டாவது உண்மையில் நிகழ்ந்தது. அதே தெருவில், சில நிமிட நடையில், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் நிற்கிறது; கிளாரெண்டன் அச்சகம் என்ற பெயரில் அங்கிருந்துதான் போப்பின் நாலடியார் 1893இலும் திருவாசகம் 1900இலும் வெளிவந்தன. அச்சகத்துக்கும் கல்லறைக்கும் இடையே உள்ள அந்தத் தூரத்தை நடந்து கடப்பது எந்தப் பட்டியலிலும் இல்லை. செய்யத்தக்கவற்றுள் அதுவும் ஒன்று.

கல்லறைத் தோட்டத்தில் போப்புக்குத் துணையாக இருப்பவர்களுள் பேலியல் கல்லூரியின் தலைவராக இருந்து 1893இல் மறைந்த பெஞ்சமின் ஜோவெட்டும் ஒருவர். திருவாசக மொழிபெயர்ப்பின் முன்னுரையில் போப் அவரை நினைவுகூர்கிறார். கல்லூரி முற்றத்தில் இருவரும் உலவியபோது, இவ்வளவு பெரிய வேலை தம் ஆயுளுக்குள் முடியாது என்று போப் சொல்ல, பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நெடுநாள் வாழும் வழி, அதை முடிக்கும்வரை நீர் இருப்பீர் என்ற பொருளில் ஜோவெட் மறுமொழி சொல்கிறார். போப் தம் 80ஆம் பிறந்த நாளில் அந்நூலை நிறைவு செய்தார். கோடையில் பேலியல் கல்லூரியின் அதே முற்றத்துக்குள் கட்டணம் செலுத்தி நுழையலாம். புல்தரை, மரங்கள், கல் சாளரங்கள், நிழலில் பூட்டிக் கிடக்கும் மிதிவண்டி: அங்கே காண்பது இவ்வளவுதான். இரண்டு முதியவர்களையும் அங்கே எவரும் காண முடியாது. முன்னுரையைப் படித்தவர் மட்டும் அவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே செல்கிறார்.

அந்த முன்னுரை போட்லியன் நூலகத்தில் கிடைக்கும். 1602இல் திறக்கப்பட்டு, 1610இல் செய்த ஓர் ஒப்பந்தத்தின் வழி நாட்டில் அச்சாகும் நூல்களில் ஒரு படியைப் பெறும் உரிமை பெற்ற அந்நூலகம், நூல்களை வெளியே கொடுப்பதில்லை. உள்நாட்டுப் போரின்போது இந்நகரத்தையே தலைமையிடமாகக் கொண்டிருந்த மன்னர் முதலாம் சார்லஸ் 1645இல் ஒரு நூலைக் கேட்டனுப்பியபோதும் விதியைக் காட்டி மறுத்தது. படிக்க விரும்புபவர், பல்கலைக்கழகத்தைச் சேராதவராயினும், தம் தேவையைச் சொல்லி வாசகர் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதைப் பெறுவதற்கு உறுதிமொழி ஒன்று எடுக்க வேண்டும்: நூல்களுக்கு ஊறு செய்வதில்லை, நூலகத்துக்குள் தீயோ சுடரோ கொண்டுவருவதில்லை, மூட்டுவதும் இல்லை. மின்விளக்குகளின் கீழே நின்று ஒருவர் சுடரைப் பற்றிச் சொல்லும் அந்தக் கணத்தில், நான்கு நூற்றாண்டுகளின் அச்சம் அவருடைய நாவில் ஏறி இறங்குகிறது. பின்னர் நூலின் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நூலகத்தின் பெரும்பகுதி இப்போது ஆக்ஸ்ஃபோர்டிலேயே இல்லை. 2010 முதல் லட்சக்கணக்கான நூல்கள் ஏறத்தாழ 45 கி.மீ. அப்பால், ஸ்விண்டனுக்கு அருகே உள்ள கிடங்கில் அடுக்கப்பட்டுள்ளன, கேட்கப்பட்டவற்றை வண்டி ஏற்றி வருகிறது. கேட்ட நூல் அங்கிருந்து வருவதானால் ஒரு பகல் போய்விடலாம், சில வேளை மறுநாளும் ஆகலாம். ஏழு நாட்களே கையில் உள்ளவருக்கு அது பெரிய செலவு. அந்த நாளில் படகு விடலாம், கோபுரம் ஏறலாம், அல்லது வெளியே கல் படியில் அமர்ந்து, கோபுரங்களுக்கு மேலே பறவைகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு, வண்டி வரட்டும் என்று இருக்கலாம்.